ஏலத்தில் ஏந்தல்

அரண்மனை வேண்டாம் என்று உதறிவிட்டு நள்ளிரவில் வெளியேறியவர் புத்தர். அவரைத் தேடிப் பிடித்து, மரப்பெட்டியில் அடைத்து, கடல் கடத்திக் கொண்டுபோய், மீண்டும் அரண்மனை போன்ற மாளிகைகளிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது நாகரிக உலகம்! ஓடேந்தி உணவு பெற்ற அந்த உத்தமரின் உருவம் ஏலக் கூடத்திற்கு வருகிறது. "எத்தனை ஆண்டுப் பழமை?" என்று கேட்கிறார் ஒருவர். "பொன்தகடு அசலா?" என்று வினவுகிறார் மற்றொருவர். "என்ன விலை?" என்று முடிக்கிறார் மூன்றாமவர். "இவர் என்ன சொன்னார்?" என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. சுத்தியல் விழுகிறது, ஆசையை வென்றவர், அதிகம் ஆசைப்பட்டவருக்கு உரிமையாகிறார்!

பர்மா நாட்டுப் பழைய மரப் புத்தர் சிலைகளைச் சேகரிப்பது செல்வர் உலகிலே பெருமைக்குரிய பொழுதுபோக்கு. 1989 முதல் மியான்மர் என்று வழங்கப்படும் அந்நாட்டின் தேக்கு மரத்தில் செதுக்கிய உருவங்கள் இலண்டனிலும் நியூயார்க்கிலும் பாங்காக்கிலும் வரவேற்பறைகளை அலங்கரிக்கின்றன. கலைச் சுவை நல்லதுதான். நாம் அதற்குப் பகைவரல்லோம். ஆனால், அழகைப் பார்த்து வியக்கும் கண், அது வந்த வழியையும் பார்க்க வேண்டாமா? யார் செதுக்கினார்? யார் கொடுத்தார்? யார் எடுத்தார்? எதற்காக எடுத்தார்? இவற்றைக் கேட்பதுதான் வரலாறு. கேளாமல் வாங்குவதற்குப் பெயர் வாணிபம்.

முதலில் ஒன்றை நினைவிற் கொள்வோம். புத்தருக்குச் சிலை வேண்டுமென்று புத்தர் கேட்கவில்லை. தாம் சொன்னார் என்பதற்காகவே எதையும் ஏற்க வேண்டாம், ஆய்ந்து பார்த்து ஏற்றுக்கொள்க என்று அறிவுறுத்தியவர் அவர். அவர் மறைந்து சில நூற்றாண்டுகள் வரையில் சிற்பிகளும் அவருருவைச் செதுக்கவில்லை. சாஞ்சியிலும் அமராவதியின் பழைய சிற்பங்களிலும் அவரைக் குறிக்க ஒரு சக்கரம், ஒரு மரம், ஓர் ஆளற்ற இருக்கை, ஓர் இணை அடிச்சுவடு, அவ்வளவே. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திற்குச் செல்வோர் அமராவதிக் கற்களிலே அந்த அடக்கத்தை இன்றும் காணலாம். கி.பி. முதல் நூற்றாண்டளவில்தான் மதுராவிலும் காந்தாரத்திலும் மனித வடிவில் புத்தர் எழுந்தார்.

ஆனால் சேகரிக்கும் ஆசையோ அதற்கும் முற்பட்டது! புத்தரின் உடல் எரியூட்டப்பட்டதுமே, அவருடைய எலும்புகள் எமக்கு, எமக்கு என்று எட்டுத் திசையாரும் படையோடு வந்து நின்றனர் என்றும், துரோணர் என்ற பார்ப்பனர் எட்டுப் பங்கிட்டுப் போரைத் தவிர்த்தார் என்றும் பௌத்த மரபே கூறுகிறது. போர் கூடாது என்றவரின் சாம்பலுக்காகப் போர் மூள இருந்தது! ஆசானின் அறிவுரையைப் பங்கிட்டுக்கொள்ள அன்று எத்தனை பேர் வாளேந்தி வந்தனர்?

இனிப் பர்மாவுக்குச் செல்வோம். 1044 முதல் 1077 வரை பகானில் ஆண்ட அனவரதன் காலத்தில் தேரவாத பௌத்தம் அரச சமயமாயிற்று. ஐராவதி ஆற்றங்கரைச் சமவெளியில் ஆயிரக்கணக்கான செங்கற் கோயில்கள் எழுந்தன. அவற்றுள் புகழ்பெற்ற ஆனந்தா கோயிலில் நான்கு திசை நோக்கி நிற்கும் நான்கு நெடிய மரப் புத்தர்களைக் காணலாம். வடக்கிலும் தெற்கிலும் நிற்பவை பழைய உருவங்கள் என்றும், மற்ற இரண்டும் பிற்காலத்தில் மாற்றி அமைக்கப்பட்டவை என்றும் ஆய்வாளர் கூறுவர். செங்கல் நிற்கும், கல் நிற்கும், மரமோ கறையானுக்கும் நெருப்புக்கும் ஈரத்துக்கும் இரை. ஆகவேதான் பகான் காலத்து மரச்சிலை மிக அரிது. இன்று சந்தையில் உலவும் சிலைகளுட் பெரும்பாலானவை 18, 19-ஆம் நூற்றாண்டுகளையும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சார்ந்தவை.

அச்சிலையைச் செய்யும் முறையை அறிந்தால் உழைப்பின் அருமை புரியும். தேக்கிலோ, பர்மியர் 'யமனே' என்றழைக்கும் குமிழ மரத்திலோ உருவத்தைச் செதுக்குவர். பின்னர், 'தித்சி' என்னும் மரத்துப் பாலை அரக்குப் போலப் பூசி, காய வைத்து, தேய்த்து, மீண்டும் பூசுவர். அதே பாலிற் சாம்பலைக் குழைத்துப் பிசின்போல் ஆக்கி, ஆடையின் விளிம்பையும் நெற்றிப் பட்டையையும் புடைப்பாக அமைப்பர். அதன்மேல் பொன்தகடு. அதற்கிடையே வண்ணக் கண்ணாடிச் சில்லுகள். அந்தப் பொன்தகட்டை, மாந்தலேயின் பட்டறைகளில் வலிய தோளர் கனத்த சம்மட்டியால் மணிக்கணக்கில் அடித்தடித்து, மூச்சுப் பட்டால் பறக்கும் அளவுக்கு மெலிதாக்குவர்.

காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப முகமும் மாறும். ஷான் நாட்டுப் புத்தருக்கு முகம் முக்கோணமாகக் கூம்பி நிற்கும். 1857-இல் மிண்டோன் மன்னன் நிறுவிய மாந்தலே நகரின் பெயரால் வழங்கும் பாணியில், முகம் அகன்று மனிதத் தன்மை மிகும். மடிப்பு மடிப்பாக ஆடை விழும். நெற்றியில் அகன்ற பட்டை ஒளிரும். நின்ற கோலத்து மாந்தலேப் புத்தர் பலரின் வலக்கையிலே ஒரு சிறு காய் இருக்கும். அது என்ன காய் தெரியுமா? கடுக்காய்! நம் பாட்டிமார் அஞ்சறைப் பெட்டியில் வைத்திருந்த அதே மருந்து. வரம் தரும் கடவுளாக அல்ல, நோய் தீர்க்கும் மருத்துவனாக ஆசானைக் கண்டிருக்கிறான் அந்தச் சிற்பி!

அந்தச் சிற்பியின் பெயர் என்ன? அதுதான் இல்லை. சிலையின் பீடத்தில் பல வேளைகளில் எழுத்து இருக்கும். கொடுத்தவர் பெயர் இருக்கும். அவர் மனைவி மக்கள் பெயர் இருக்கும். கொடுத்த நாள் பர்மிய ஆண்டுக் கணக்கிலே இருக்கும். அந்த எண்ணுடன் 638-ஐக் கூட்டினால் நம் ஆண்டுக் கணக்கு கிடைத்துவிடும். இந்த அறத்தால் வீடுபேறு கிட்டட்டும் என்ற வேண்டுதலும் இருக்கும். உளி பிடித்த கைக்கோ பெயரில்லை! 'பத்து மலர்கள்' என்று பொருள்படும் அழகிய சொல்லால் தம் நாட்டுப் பத்துக் கைத்தொழில்களைப் பர்மியர் குறிப்பர். மரச்செதுக்கு அவற்றுள் ஒன்று. மலருக்குப் பெயர் சூட்டினர், மலர்வித்தவனை மறந்தனர். பணம் கொடுத்தவனுக்குப் புண்ணியம், பாடுபட்டவனுக்குக் கூலி என்ற கணக்கு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று போலும்!

இன்னும் கொடிய செய்தி ஒன்றுண்டு. பகான் கல்வெட்டுகளிலே கோயிலுக்குக் கொடுத்த நிலத்தோடும் மாட்டோடும் சேர்த்து, கொடுத்த அடிமைகளின் பட்டியலும் காணப்படுகிறது. அவர்களுள் இந்தியாவிலிருந்து சென்றவர்களும் உண்டு. கோயிலடிமையின் பிள்ளையும் கோயிலடிமை. நூற்றாண்டுகள் கடந்த பின்னரும் அம்மரபினரைப் பிறர் தொடாமலும் மணவுறவு கொள்ளாமலும் ஒதுக்கி வைத்தனர். பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை என்று முழங்கியவரின் பெயரால், பிறப்பினாலேயே அடிமை! பொன் பூசிய முகத்தின் புன்னகையைப் பார்த்து மயங்குவோர், அந்தக் கோயிலைக் கூட்டிப் பெருக்கிய கைகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பக்தியும் தன் பங்குக்கு ஆசானை மறைத்தது. இன்லே ஏரியிலுள்ள பௌங்டோ கோயிலின் ஐந்து சிறு உருவங்கள்மீது மக்கள் ஒட்டிய பொன்தகடு படிந்து படிந்து, இன்று அவை முகமும் கையும் தெரியாத பொன் உருண்டைகளாகி நிற்கின்றன. அன்பு மிகுந்தால் முகம் மறையும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கொள்ளையடிப்பதை வெள்ளையன்தான் கற்றுக் கொடுத்தான் என்று கூறுவோமானால் அது வரலாறாகாது. மாந்தலேயின் மகாமுனி ஆலயத்திலே கெமர் நாட்டு வெண்கல உருவங்கள் சில உள்ளன. அவை பயணம் செய்த வழியைப் பாருங்கள்! 1431-இல் அங்கோர் நகரை வென்ற சயாமியர் அவற்றை அயோத்தியாவுக்கு எடுத்துச் சென்றனர். 16-ஆம் நூற்றாண்டில் அயோத்தியாவை வென்ற பயின்னௌங் மன்னன் பெகுவுக்குக் கொண்டுவந்தான். 1599-இல் பெகு வீழ்ந்தபோது அரக்கான் மன்னன் எடுத்துச் சென்றான். 1784-ஆம் ஆண்டின் இறுதியில் அரக்கான்மீது படையெடுத்த போதவ்பயா, மகாமுனி என்னும் மாபெரும் வெண்கலப் புத்தரோடு இவற்றையும் சேர்த்துத் தன் தலைநகர்ப் பக்கம் இழுத்து வந்தான். நான்கு நாடு, நான்கு கொள்ளை. ஒவ்வொரு கொள்ளைக்கும் பக்தி என்றே பெயர்!

வெள்ளையர் வந்தனர், கொள்ளைக்கு வேறு பெயர் வைத்தனர். 1824 மே திங்களில் இரங்கூனைப் பிடித்த ஆங்கிலப் படையில் சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள் பெருந்தொகையினர். சுவேதகோன் பகோடா பாசறையாயிற்று. புதையல் தேடிச் சிறு தூபிகளை உடைத்தனர். 1825-இல் அங்கிருந்த மாபெரும் மணியைக் கப்பலேற்ற முயன்றபோது அது ஆற்றில் மூழ்கியது. ஆங்கிலேயரால் எடுக்க இயலாததைப் பர்மிய மக்களே பின்னர் எடுத்து மீண்டும் தொங்கவிட்டனர். அப்போரிலே கடற்படைத் தலைவராக இருந்தவரும் பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்றவருமான மாரியட், பொன்பூசிய அரக்குப் புத்தர் ஒருவரைத் தாயகத்துக்குக் கொண்டுசென்று, 1826-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். அதே ஆண்டில் யாந்தபோ உடன்படிக்கை. தோற்ற பர்மா ஒரு கோடி ரூபாய் தண்டம் கட்டிற்று. நாடும் போயிற்று, பணமும் போயிற்று. எடுத்துப்போன சிலைக்கோ, 'நன்கொடை' என்று சீட்டு ஒட்டப்பட்டது!

மூன்றாம் போரின் கதை இன்னும் பொருத்தமானது. ஏனெனில் அது தேக்குக்காக மூண்ட போர். பம்பாய்–பர்மா வாணிபக் கழகம் கணக்கிற் காட்டியதைவிட மிகுதியாகத் தேக்கு மரங்களை வெட்டியது என்று கூறி, 1885-இல் திபா மன்னனின் அரசவை 23 இலட்சம் ரூபாய் தண்டம் விதித்தது. தண்டத்துக்கு விடையாகப் பீரங்கி வந்தது. நவம்பர் திங்களின் நடுவில் தொடங்கிய போர், அத்திங்கள் முடிவதற்குள் முடிந்தது. திபா இரத்தினகிரிக்கு நாடு கடத்தப்பட்டு, 1916-இல் அங்கேயே மாண்டான். 1886 சனவரி முதல் நாள் மேல் பர்மா ஆங்கில அரசோடு இணைக்கப்பட்டது. காட்டிலே தேக்கு எவனுடையது என்ற வழக்கிலே தோற்றவன், கோயிலிலும் அரண்மனையிலும் செதுக்கி நின்ற தேக்கையும் இழந்தான். சிங்க அரியணை கல்கத்தாவுக்குச் சென்றது. அரசச் சின்னங்கள் இலண்டன் சென்றன.

இதிலே தமிழர்க்குப் பங்கில்லையா? உண்டு; மறைப்பானேன்? செட்டிநாட்டு மாளிகைகளைத் தாங்கி நிற்கும் தூண்கள் பல, அதே பர்மாக் காட்டுத் தேக்கு. 1930-இல் பர்மாவின் முதன்மையான 13 நெல் விளையும் மாவட்டங்களில், உழவுநிலத்தில் நூற்றுக்கு 6 பங்கு செட்டியார் வட்டிக்கடைகளின் கையில் இருந்தது. நெல் விலை சரிந்தது. கடன் கட்ட வழியற்ற உழவனின் நிலம் கைமாறியது. 1938-க்குள் அது நூற்றுக்கு 25 ஆயிற்று. பர்மியன் நம்மைப் பார்த்த பார்வையில் கசப்பு இருந்ததென்றால், அதற்குக் காரணம் இல்லாமலில்லை.

அதற்கும் முன்னே வேறொரு உறவு இருந்தது. பகானில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று உண்டு. கடல் கடந்து சென்ற வணிகர் ஒருவர் அங்கிருந்த நானாதேசி விண்ணகரத்துக்கு மண்டபமும் கதவும் விளக்கும் கொடுத்ததை அது கூறுகிறது. 1476-இல் பெகு மன்னன் தம்மசேதி பொறித்த கல்யாணிக் கல்வெட்டோ, கப்பல் உடைந்து கரையேறிய பர்மியத் துறவிகள் நம் நாகப்பட்டினத்துக்கு வந்து பழைய விகாரை இருந்த இடத்தை வணங்கியதைச் சொல்கிறது.

அந்த நாகப்பட்டினத்தை நாம் என்ன செய்தோம்? இராசராசன் காலத்தில் எழுந்த சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரை வழங்கிய செப்பேடுகள் ஆலந்து நாட்டுக்குச் சென்று, 'லைடன் செப்பேடுகள்' என்று அந்நிய ஊரின் பெயரைச் சுமந்தன. எஞ்சியிருந்த செங்கற் கோபுரம் 1867-இல் இடித்துத் தள்ளப்பட்டது. 1856 முதல் 1930-கள் வரை மண்ணிலிருந்து வெளிப்பட்ட 350-க்கு மேற்பட்ட புத்தர் படிமங்கள் பல அருங்காட்சியகங்களுக்குப் பிரிந்து போயின. பர்மியன் நினைவில் வைத்திருந்த விகாரையைத் தமிழன் மறந்தான். பிறர் வீட்டுக் களவைப் பேசும்போது நம் வீட்டு மறதியையும் சேர்த்தே பேசுவதுதான் நேர்மை.

சரி, இன்றைய வாணிபத்தின் வழி யாது? பர்மாவிலே, புதிய சிலை செய்து வைத்தால்தான் புண்ணியம் தனக்கு. பழையதைப் பழுது பார்த்தால் அது முன்பு கொடுத்தவனுக்கே சேரும் என்ற எண்ணம் நெடுங்காலமாக உண்டு. அதனால் பழைய மரச்சிலைகள் பொலிவிழந்து மடத்தின் மூலையில் கிடந்தன. 1962-இல் படைத்தலைவர் ஆட்சியைப் பிடித்தபின் நாடு வறுமையில் ஆழ்ந்தது. மூலையில் கிடந்த புத்தர் எல்லை கடந்தார். தாய்லாந்துக் கடைகளில் தூசி தட்டப்பட்டார். அங்கிருந்து உலகெங்கும் பறந்தார். பசித்தவன் விற்றான், தரகன் கொழுத்தான், செல்வன் சேர்த்தான்.

பழமைக்கு விலை மிகுந்ததும் பழமையையே உற்பத்தி செய்யத் தொடங்கினர்! நேற்று செதுக்கிய சிலையைப் புகையிலும் மண்ணிலும் இட்டு, பொன்னைச் சுரண்டி, விரிசல் உண்டாக்கி, நூறாண்டு வயதைச் சில திங்களில் ஏற்றிவிடுகின்றனர். ஆக, வாங்குபவன் முன் இரண்டு வாய்ப்புகள்: ஒன்று களவாடப்பட்ட உண்மை, மற்றொன்று நேர்மையாக விலைக்கு வந்த பொய்! இரண்டுக்கும் இடையில் முறையாக வெளிவந்த பொருள்களும் உண்டு; ஆனால் அவற்றை அடையாளம் காணும் பொறுப்பை வாங்குபவர் ஏற்றால்தானே?

சேகரிப்போர் தரப்பில் ஒரு வாதம் உண்டு. "நாங்கள் எடுத்து வைத்திராவிடில் கறையான் தின்றிருக்கும், தீ தின்றிருக்கும்" என்பர். அதைப் புறக்கணித்துவிட இயலாது. 1945 மார்ச்சில் மாந்தலே அரண்மனை போர்த்தீயில் எரிந்து சாம்பலானது. அங்கிருந்த அரியணைகள் அழிந்தன. கல்கத்தாவுக்குக் கொண்டுபோன சிங்க அரியணையோ தப்பியது! திபா மன்னன் தன் தந்தை இறந்த பொற்கூடத்தில் இருக்க மனமின்றி, கோட்டைக்கு வெளியே பெயர்த்து அமைத்த சுவேனந்தா மடமும், அவ்வாறு வெளியேறியதாலேயே இன்றும் நிற்கிறது.

ஆனால் அந்த வாதத்தை முழுமையாகப் பின்பற்றுவோமானால், அது எங்கே கொண்டுபோய் விடுகிறது? தப்பிய அரியணை 1948-இல் விடுதலை பெற்ற பர்மாவுக்குத் திருப்பித் தரப்பட்டது. இலண்டனிலிருந்த அரசச் சின்னங்களும் 1964-இல் திரும்பின. நன்றியுணர்வோடு அவற்றுள் ஒன்றை அந்த அருங்காட்சியகத்துக்கே பர்மா அன்பளிப்பாகக் கொடுத்தது. காத்தவன் கொடுத்தான், பெற்றவன் பகிர்ந்தான், இதுவன்றோ பண்பாடு! தீப்பிடித்த வீட்டிலிருந்து குழந்தையைக் காப்பாற்றியவன் பாராட்டுக்குரியவன். தீ அணைந்த பிறகும் குழந்தையைத் தன்னதென்று வைத்துக்கொண்டால் அவனுக்கு வேறு பெயர்.

சட்டங்கள் இல்லாமலில்லை. பர்மா 1957-லேயே தொல்பொருட் சட்டம் இயற்றியது. நூறாண்டு கடந்த பொருள்களைக் காக்கும் புதுச் சட்டம் 2015-இல் வந்தது. களவான பண்பாட்டுப் பொருள்கள் பற்றிய 1970-ஆம் ஆண்டு யுனெஸ்கோ ஒப்பந்தத்தில் 2013-இல் மியான்மர் சேர்ந்தது. எனினும், 2021 பிப்ரவரி முதல் நாள் படையினர் மீண்டும் ஆட்சியைப் பறித்தபின் நாடெங்கும் போர். 2025 மார்ச்சு 28-இல் மாந்தலேயை ஒட்டி எழுந்த நிலநடுக்கத்தில் மடங்களும் தூபிகளும் சரிந்தன. காவலன் அகதியாகும் நாட்டிலே சட்டப் புத்தகம் எதைக் காக்கும்? ஆகவே, கதவை அடைக்க வேண்டிய இடம் பர்மாவின் எல்லை மட்டுமன்று, வாங்குபவரின் மனமும்தான்.

வாங்குபவர் கேட்க வேண்டியவை மிகச் சில. இச்சிலை எந்த ஊரினது? எந்த ஆண்டில், எந்த இசைவுடன் வெளிவந்தது? பீடத்தில் உள்ள எழுத்து என்ன சொல்கிறது? அதைப் படியெடுத்து ஆய்வாளர் கண்ணுக்குக் காட்டினீர்களா? விடையில்லையேல் கை நீட்டாதீர்கள். ஏற்கெனவே வைத்திருப்போர் வந்த வழியை ஒளிக்காமல் எழுதி வையுங்கள். உரியவர் கேட்கும் நாளில் கொடுக்கும் உள்ளத்தையும் வளர்த்துக்கொள்ளுங்கள். அழகுதான் வேண்டுமென்றால், இன்றும் உளி பிடித்து வாழும் மாந்தலேச் சிற்பியிடம் புதிய உருவம் வாங்கலாமே! அவன் பெயரையும் பீடத்திலே பொறிக்கச் சொல்லலாமே! இறந்தவனின் மரத்துக்கு இலட்சம், இருப்பவனின் உழைப்புக்கு இகழ்ச்சி என்பது கலைப்பற்றா?

1954 டிசம்பரில் இரங்கூனில் நடைபெற்ற உலக பௌத்தர் மாநாட்டுக்குத் தந்தை பெரியார் சென்றார். அண்ணல் அம்பேத்கரும் வந்திருந்தார். இருவரும் அங்கே சந்தித்துப் பேசினர். பர்மாவிலிருந்து அவர்கள் கொண்டுவர விரும்பியது சிலையா? சாதியை வேரறுக்கும் சிந்தனையை அன்றோ! 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் இலட்சக்கணக்கான ஒடுக்கப்பட்ட மக்களோடு அம்பேத்கர் பௌத்தம் தழுவியபோது, புத்தரைத் தம்முடையவராக ஆக்கிக்கொள்ள அம்மக்கள் ஏலம் கேட்கவில்லை. எவர் கோயிலையும் உடைக்கவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்டதனால் வேறொருவருக்கு எதுவும் குறைந்துவிடவும் இல்லை. அறிவு அத்தகைய செல்வம். மரமும் பொன்னும் அத்தகையன அல்ல.

கண்ணாடிப் பேழைக்குள் நிற்கும் அந்த மாந்தலேப் புத்தரின் கை இன்னும் நீண்டே இருக்கிறது, உள்ளங்கையிலே கடுக்காய். பெயரற்ற தொழிலாளி ஒருவன் தேக்கிலே செதுக்கி வைத்த மருந்து அது. நோய் இன்னதென்று ஆசான் அன்றே சொல்லிவிட்டார்: ஆசை. மருந்தைக் கையிலே வைத்திருப்பவரையே விலைக்கு வாங்கி வீட்டில் வைத்துவிட்டு, மருந்தை மட்டும் உண்ண மறுக்கும் நோயாளியை என்னென்பது!